உப்பு மேட்டில் மலை பழகிய கதை

இமயமலையில் ஏற உப்பு போதும் என்று நான் நம்பியிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம் இரட்டிப்பாகும்.

நம்பியதற்கு என்னளவில் காரணம் இருந்தது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. அளத்தில் வாரிய உப்பை வாங்கி, அரைத்து, பாக்கெட் போட்டு, லாரியில் ஏற்றி அனுப்புவது தொழில். ஷெட் வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள், பாத்தியோரம் வரிசையாகக் குவித்த வெள்ளை மேடுகள். டிவியில் பனிமலையைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அது அசலூர் மாதிரியே தெரிந்ததில்லை. அதே வெள்ளை, அதே கண்கூச்சம், காலை வைத்தால் அதே நறநறப்பு. நம்மூரில் வெயிலில் விளைகிறது, அவர்கள் ஊரில் குளிரில் விளைகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இன்னொரு காரணம் கஞ்சி. உயரத்துக்குப் போகப் போக உடம்பில் தண்ணீர் வற்றிவிடும், அதனால்தான் அங்கே தலைவலியும் வாந்தியும் வருகின்றன என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். உடம்பில் தண்ணீரை நிறுத்தி வைப்பது எது? உப்பு. இது உப்புக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளத்தில் வேலை செய்கிறவர்கள் வெயிலில் வேர்த்துக் கொட்டி வந்து, கை நிறைய உப்பைக் கரைத்த கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் மறுபடி பாத்தியில் இறங்குவார்கள். அவர்களுக்கு மயக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே உப்புக் கஞ்சி குடித்துப் பழகியவனை எந்த மலையும் ஒன்றும் செய்யாது என்று முடிவுகட்டினேன். அவர்கள் குனிந்து உப்பு வாரும்போது நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மலைக்குப் போகும் ஆசை என்னுடையது அல்ல. அது கூனிமேட்டில் இருக்கும் என் சிநேகிதனுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். படிப்பு முடிந்ததும் நான் உப்புக்கு வந்தேன், அவன் சவூதிக்குப் போய்விட்டான். பாலைவனத்தில் ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். அங்கே அவனுடைய அறையில் ஒரு நேபாளி தங்கியிருந்தாராம். அவர் ஊருக்குத் திரும்பும்போது சுவரில் மாட்டியிருந்த காலண்டரை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் ஒரு பனிமலைப் படம். வருஷம் மாறி, தேதித் தாள்களெல்லாம் தீர்ந்த பிறகும் படத்தை மட்டும் இவன் கழற்றவில்லை. வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொதிக்கும்போது கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பானாம்.

ஒருநாள் அங்கிருந்து போன் செய்தான்.

"டேய், மெக்காவுக்குப் போயிட்டு வந்துட்டேன். ஊட்ல பொண்ணு கல்யாணம் முடிச்சிட்டேன். அந்தக் காலண்டருக்கு மட்டும்தாண்டா இன்னும் போவல. இந்த லீவுல போலாமா?"

"போலாமே."

"தமாஷ் இல்லடா. முட்டி இப்பவே பேச ஆரம்பிச்சிடுச்சி. அடுத்த லீவுக்கெல்லாம் திட்ட ஆரம்பிச்சிடும்."

"அதான் போலாம்னு சொல்லிட்டேன்ல? டிக்கெட்டைப் போடு."

வாய் என்று ஒன்றைக் கடவுள் எனக்குக் கொடுத்தது, மற்ற உறுப்புகள் எல்லாவற்றையும் மாட்டிவிடுவதற்குத்தான். எனக்கு உயரம் என்றால் பயம். சும்மா பயம் இல்லை. எங்கள் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை வீடு கட்டிய நாளிலிருந்து நான் தொட்டதில்லை. கல்யாணமான புதிதில் திருவிழாவில் மனைவி ஆசைப்பட்டாள் என்று ராட்டினத்தில் ஏறி, இறங்கியதும் ராட்டினக்காரர் காலைத் தொட்டுக் கும்பிட்டவன் நான். சிநேகிதனுக்கு இது தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் உயரம் என்று ஒன்று இருந்தால்தானே தெரிவதற்கு? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் அளம், நடுவில் ஈசிஆர் ரோடு. எல்லாம் தட்டை. என் பயத்துக்கு இதைவிடச் சௌகரியமான ஊர் கிடையாது.

அவன் சொன்ன மலைக்கு ட்ரெக்கிங் பீக் என்று பெயர். வழிகாட்டி கூட வருவார். நடந்து போய் நடந்து வருவது என்று எடுத்துக்கொண்டேன். நடப்பதில் எனக்கு என்ன பயம்?

அது நடை மட்டும் இல்லை என்று வீடியோ காலில்தான் தெரிந்தது.

வழிகாட்டி நேபாளத்திலிருந்து பேசினார். கம்பளிக் குல்லாய், சாந்தமான முகம், அவருக்குப் பின்னால் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, சவூதியிலிருந்து என் சிநேகிதன் எனக்குத் தமிழில் சொன்னான். நான் ஷெட்டில் உட்கார்ந்து கேட்டேன். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி பக்கத்தில் நின்று டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேல் கேம்ப் வரிக்கும் நடைதானாம்," என்றான் அவன். "அதுக்கு மேல ஐஸாம். ஷூவுக்கு அடியில முள்ளு மாதிரி இரும்பு மாட்டிக்கணுமாம்."

"சரி."

"செங்குத்தா ஒரு எடம் வரும். அதுல ஏற்கெனவே கயிறு கட்டி வெச்சிருப்பாங்களாம். அதைப் புடிச்சி ஏறணும். ஏறினப்புறம் ஒல்லியா ஒரு முகடு. ரெண்டு பக்கமும் பள்ளம்."

"எவ்ளோ ஒல்லி?"

அவன் கேட்டான். வழிகாட்டி இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நம்மூர் அளத்து வரப்பு அகலம். வரப்பில் தவறி விழுந்தால் முழங்கால் தண்ணீர்.

"மூணு பேரும் ஒரே கயித்துல கட்டிக்கணுமாம். அவரு முன்னாடி, நான் நடுவுல, நீ பின்னாடி."

"ஒருத்தருக்கு முடியலைன்னா?"

"மூணு பேரும் திரும்பணும். நடுவழியில யாரையும் தனியா வுட மாட்டாராம்." அவன் சிரித்தான். "நம்ம ரெண்டு பேருக்கும் அது தேவப்படாதுன்னு சொல்லிட்டேன்."

அடுத்து வழிகாட்டி ஏதோ கேட்டார். 

"உயரம்னா பயம் உண்டான்னு கேக்குறாரு. எனக்கு இல்லைன்னுட்டேன். உனக்கு?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள்.

"இல்லைன்னு சொல்லு," என்றேன்.

போனை வைத்த பிறகும் அவள் ஊற்றவில்லை.

"ஃபேன் தொடைக்க ஸ்டூல்ல ஏறுங்கன்னா நெஞ்சு படபடங்குதும்பீங்க. நீங்க முகடுல நடக்கப் போறீங்களா?"

"அங்க குளுரு. நெஞ்சு உறைஞ்சிடும். படபடக்காது."

"இந்தப் பேச்செல்லாம் லாரிக்காரன்கிட்ட வெச்சிக்குங்க. நீங்க பாதியில உக்காந்தா அந்த அண்ணனும்ல திரும்பி வரணும்? எத்தினி வருஷ ஆசை அது. இப்பவே சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன். வரட்டும், நேர்ல சொல்றேன்."

அவன் வந்தான். நேரில் சொல்லலாம் என்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டீயோடு வந்து, "அண்ணே, நீங்க கூடப் போறீங்கன்னுதான் நான் சரின்னேன். இவர் தனியான்னா வுட்டிருக்க மாட்டேன், அல்லா மேல சத்தியமா," என்றது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பயிற்சி தொடங்கியது. பயிற்சியாளர் யார் என்று கேட்காதீர்கள். உப்பைப் பற்றித் தெரிந்தவன் நான்தானே? கூனிமேட்டில் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு அவன் பைக்கில் ஷெட்டுக்கு வந்துவிடுவான். ஆளுக்கொரு பையில் உப்புப் பாக்கெட்டுகளை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு வரப்புகளில் நடப்போம். வெயில் ஏறுவதற்குள் திரும்பி, ஷெட் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடிப்போம். ஒரே தூக்குவாளி, இரண்டு டம்ளர். வீட்டிலிருந்து கஞ்சி உப்பில்லாமல் வரும். மூட்டையிலிருந்து உப்பை அள்ளிப் போட்டுக் கரைப்பது என் இலாகா.

"இன்னாடா, கடல் தண்ணி மாதிரி இருக்குது?" என்பான்.

"குடி. மேல போனா எனக்கு நன்றி சொல்லுவ."

"மேலன்னா எந்த மேல?"

இப்படி வாயைக் கொடுத்துவிட்டு மடக்மடக்கென்று குடித்துவிடுவான். நான் சொல்வதை நம்புவது அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வழக்கம். அதில் அவன் இரண்டு தரம் பெயிலாகியிருக்கிறான். வீட்டிலும் அவனுக்கு விருந்துதான். இரண்டு வருஷமாக மெஸ் சாப்பாடு சாப்பிட்ட மனுஷன் என்று கருவாடும் ஊறுகாயும் தட்டில் விழுந்தபடி இருந்தன.

உப்பு மேட்டின்மேல் ஏறிப் பழகலாம் என்று அவன் தினமும் சொன்னான். மழைக்கு முன்பாக அளத்தில் மேடுகள் உயர்ந்து நிற்கும் பருவம் அது. சில மேடுகள் மாடி உயரம் இருக்கும். "மொதல்ல தூரம், அப்புறம்தான் உயரம்," என்று நான் ஒரு விதியை உண்டாக்கினேன். அது எங்கும் இல்லாத விதி. அவன் அதையும் நம்பினான்.

கிளம்புவதற்கு முன்னால் உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித்தர வேண்டும் என்று வழிகாட்டி கேட்டிருந்தார். புதுச்சேரியில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். இங்கேதான் எனக்கு ரகசியமாக ஒரு நம்பிக்கை இருந்தது. ஐம்பது வயது, உப்பு வியாபாரம், உட்கார்ந்தே பார்க்கும் தொழில். பிரஷர் இல்லாமலா போய்விடும்? "உங்களுக்கு மலையெல்லாம் ஆகாது" என்று டாக்டரே சொல்லிவிட்டால் பயத்தைப் பற்றிப் பேச்சே எழாது. ஏமாற்றத்தோடு உதட்டைப் பிதுக்குவதற்குக்கூடக் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார். பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார்.

"இன்னொரு தரம் பாக்குறீங்களா மேடம்?"

"எதுக்கு? நல்லாதான் இருக்கு."

"இல்ல, இந்தக் கையில..."

அந்தக் கையிலும் பார்த்தார். அதுவும் நல்லாதான் இருந்தது. அடுத்து அவன் கையில் சுற்றினார். பார்த்தார். மறுபடி அழுத்தினார். கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொல்லிவிட்டு மூன்றாம் முறை பார்த்தார்.

"ஊருக்கு வந்ததுலேந்து என்ன சாப்பிடுறீங்க?"

அவன் சொல்லத் தொடங்கினான். கருவாடு, ஊறுகாய், அப்பளம். கடைசியாக, "இவன் காலையில கஞ்சி குடுப்பான் மேடம்," என்று என்னைக் கைகாட்டினான். "எவ்ளோ உப்பு போடுவீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் கையைக் குவித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"உப்பு வியாபாரம் மேடம்."

"வியாபாரத்தைக் கடையோட வெச்சிக்கங்க," என்றார். அப்புறம் அவனிடம், "இந்த பிரஷரோட மேல போகக் கூடாது. உப்பை நிறுத்துங்க. அடுத்த வாரம் வாங்க. இறங்கலைன்னா மாத்திரை ஆரம்பிக்கணும். அப்புறம் இந்த வருஷம் மலையை மறந்துடுங்க," என்றார்.

தினமும் இரண்டு டம்ளர் குடித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன் என்று கேட்டேன். "எல்லார் உடம்பும் ஒண்ணு இல்ல. உங்களுக்கு இதுவரைக்கும் அதிர்ஷ்டம்," என்றார். எனக்கு எது அதிர்ஷ்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும்போது பைக்கை அவன்தான் ஓட்டினான். ஈசிஆரில் காற்று முகத்தில் அடித்தது.  அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"உன்னைத் திட்டணும்னு வாய் வரைக்கும் வருதுடா. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. அதான் திட்ட முடியல."

நல்லதுக்குத்தான் செய்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே என் மண்டைக்குள் இன்னொருவன் உட்கார்ந்துகொண்டான். சிநேகிதனுடைய பிரஷர் இறங்காவிட்டால் மலை கிடையாது, மலை இல்லாவிட்டால் முகடு கிடையாது, யார் கேட்டாலும் டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான் அந்த இன்னொருவன். அந்த வாரம் முழுக்க நான் இரண்டு பிரார்த்தனை செய்தேன். சிநேகிதனுக்குச் சரியாகிவிட வேண்டும் என்று ஒன்று. அதை முடித்த கையோடு இன்னொன்று, அதை இங்கே எழுத மாட்டேன். கடவுள் எந்த விண்ணப்பத்தைக் கையில் எடுப்பது என்று தெரியாமல் திண்டாடியிருப்பார்.

சிநேகிதன் டாக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்தான். வீட்டில் கருவாடு நின்றது. தட்டில் உப்பில்லாத சோறு. காலைக் கஞ்சி மட்டும் தொடர்ந்தது, உப்பு போடாமல். "ஒரு கல்லு உப்புகூட விழக் கூடாது, சொல்லிட்டேன்," என்று தூக்குவாளியைக் கொடுக்கும்போதே என் மனைவி தினமும் மிரட்டினாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குது," என்பான். முகத்தைச் சுளித்துக்கொண்டே அடி வரை குடிப்பான். அவன் அப்படிக் குடிப்பதை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுபடி டாக்டரிடம் போகவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் வழிகாட்டியிடமிருந்து சேதி வந்தது. இரண்டு பேரும் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு சரிவில் ஏறி இறங்கி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கயிறு தொங்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது.

"காலையில கயித்தோட வர்றேன். மேட்டுல ஏறிடலாம்," என்றான் அவன்.

என்னுடைய தூரம்-உயரம் விதி அன்றோடு செத்தது.

மறுநாள் காலையில் அவனுக்கு முன்பே நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். வேலைக்காரர்கள் இன்னும் வரவில்லை. மேடு எதிரே நின்றது. தினமும் பார்க்கிற மேடுதான். அன்றைக்கு மட்டும் அது இரண்டு ஆள் உயரம் கூடுதலாக வளர்ந்திருந்தது. தூக்குவாளியைத் திறந்தேன். கஞ்சி வெள்ளையாக, அப்பாவியாக இருந்தது. பக்கத்தில் வாய் பிரித்த மூட்டை. டாக்டரைப் பார்க்கப் போவது பதினோரு மணிக்கு. ஒரே ஒரு கைப்பிடி. இத்தனை நாள் உப்பில்லாமல் இருந்த நாக்குக்குத் தெரிந்துவிடும் என்றால் அரைக் கைப்பிடி. அவன் நாக்குதான் செத்துக் கிடக்கிறதே, அதற்கு எங்கே தெரியப் போகிறது என்றான் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தவன். ஒருவேளை பிரஷர் உப்பினால் வந்ததாகவே இல்லாமல் இருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரியாது, மூன்று பேர் உயிருக்கும் இதுதான் பாதுகாப்பு என்று அடுக்கிக்கொண்டே போனான். நியாயம் பேசுவதில் அவனுக்கு என் வாய்.

கை மூட்டைக்குள் போனது. உப்பை அள்ளியது. தூக்குவாளிக்கு மேலே வந்து நின்றது.

பைக் சத்தம் கேட்டது.

திடுக்கிட்டு உப்பைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவன் தோளில் கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தான். மீன்பிடி போட்டில் கட்டும் கயிறு, அவன் மச்சானிடமிருந்து வாங்கி வந்திருந்தான். நாற்றம் அவனுக்கு முன்னால் வந்தது. டம்ளரை எடுத்து நீட்டினான்.

"ஊத்துடா. சீக்கிரம் முடிச்சிட்டுக் குளிச்சிட்டுப் போவணும். கனவுலகூட அந்தப் பட்டையைத்தாண்டா கையில சுத்திக்கினு இருக்காங்க."

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தான். டம்ளர் என் கையில். பாக்கெட்டில் உப்பு. இந்தத் தடவை யாரும் பார்க்கவில்லை, எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இரண்டு விரலில் உப்பை எடுத்தேன். கனவில்கூட அந்தப் பட்டை என்று சொன்னானே, அது காதிலேயே நின்றது. விரலிலிருந்த உப்பை என் வாயிலேயே போட்டுக்கொண்டு, வெறும் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். அவன் குடித்தான். நான் வாயை மூடியபடி, கண்ணில் தண்ணீர் வர, நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாடா, அழுவுற?"

நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கிற நிலையில் இல்லை.

போனை ஒரு மூட்டைமேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டோம். அவன் முன்னால், நான் பின்னால். இடுப்பில் கயிறு. அதற்குள் அளத்துப் பெண்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

"இன்னா சார், பாய் ஓடிப்பூடுவாருன்னு கட்டிப் புடிச்சிக்கினு போறீங்களா?"

"பாய் இல்லடி, சார்தான் ஓடிப்பூடுவாரு. மூஞ்சைப் பாரு!"

சரியாகத்தான் பார்த்திருந்தாள். ஏறத் தொடங்கினோம். மேட்டின் மேல்பக்கம் ராத்திரி ஈரத்தில் நனைந்து வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருக்கும். குதிகாலை இடித்து வைத்தால் நிற்கும். முதல் பத்தடி நன்றாகத்தான் போனது. அவன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். பாதிக்கு மேல் ஓரிடத்தில் ஓடு உடைந்து என் கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியது. தூக்குவதற்காகக் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஷெட் கூரை எனக்குக் கீழே இருந்தது. அந்தக் கூரையை நான் இதுவரைக்கும் அடியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்காரவில்லை, மேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கயிறு சடாரென்று இழுத்தது. மேலே ஏறிக்கொண்டிருந்தவன் பின்பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கைகளை ஊன்றிச் சறுக்கிக்கொண்டு வந்து என் தோளில் மோதி நின்றான். பெண்களின் சிரிப்பு நின்றுபோனது.

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். தோல் வழன்று, சிவந்த இடமெல்லாம் உப்பு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை உறிஞ்சினான்.

"எழுந்துருடா."

"முடியல."

"காலு புடிச்சிக்கிச்சா?"

"காலெல்லாம் நல்லாதான் இருக்குது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணை மூடியிருந்தேன், ஆனால் பார்க்கிறான் என்பது தெரிந்தது.

"டேய், உனக்குப் பயமாடா?"

ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அன்றைக்கு ஒரு தரம்தான்.

"எப்பலேந்து?"

"பொறந்ததுலேந்து."

"அவர் போன்ல கேட்டப்ப இல்லைன்ன?"

"நீ அவ்ளோ ஆசையா இருந்தியே."

அவன் கையிலிருந்த உப்பை ஒவ்வொரு கல்லாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்:

"திரும்பி வர்றது பெருசில்லடா. அல்லா நாடலைன்னு வந்துடலாம். இப்ப இழுத்தியே. அங்க இழுத்திருந்தின்னா?"

 மூன்று பேர் உயிருக்கும் பாதுகாப்பு என்று காலையில் மண்டைக்குள் பேசியவன் இப்போது எங்கேயோ ஓடிவிட்டான்.

அவன் கண் என் சட்டைக்கு வந்தது. வேர்வையில் பாக்கெட் ஈரமாகி, உப்பு கரைந்து வெள்ளைக் கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"அது இன்னாடா பாக்கெட்ல?"

"உப்பு."

"எதுக்கு?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"போட்டியா?"

"இல்ல."

"உண்மையச் சொல்லு. பதினோரு மணிக்கு டாக்டர் கிட்ட போவணும்."

"போடலடா. நானே தின்னுட்டேன்."

 அப்புறம் மேடு குலுங்கியது. சரிகிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான். "அதான் அழுதியா? அதான் வாயத் தொறக்கலியா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், "செருப்பால அடிப்பேன்," என்றான். அதையும் மனதாரத்தான் சொன்னான்.

என்னை இறக்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. பின்பக்கத்தாலேயே சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். கயிற்றைக்கூட அவிழ்க்காமல் அவன் வழிகாட்டிக்கு வீடியோ கால் செய்து நடந்ததைச் சொன்னான். கோழி இல்லை, அன்றைக்கு அவர் எங்கோ பஸ்ஸில் இருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா சொல்றாரு?"

"மேல் கேம்ப் வரிக்கும் நீ வரலாமாம், அது நடைதான். அதுக்கு மேல உன்னைக் கட்ட மாட்டாராம். கூடாரத்துல சமையல்காரர் இருப்பாராம், அவர்கூட இருக்கணுமாம். நானும் அவரும் மட்டும் போவோம்." கொஞ்சம் நிறுத்தினான். "இப்பவே சொன்னதுக்கு உனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு. நான் சொல்ல மாட்டேன்."

பதினோரு மணிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவன் உள்ளங்கையில் கட்டு. என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். "உப்புல விழுந்துட்டேன் மேடம்," என்றான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டையைச் சுற்றினார், அழுத்தினார். காற்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அன்றைக்கு ஒரே ஒரு பிரார்த்தனைதான் செய்தேன்.

"இறங்கியிருக்கு," என்றார். இன்னொரு தரம் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். உப்பு விஷயத்தில் அங்கேயும் ஜாக்கிரதை என்று சொன்னதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவன் மனைவியிடம் நான் மேல் கேம்ப்புக்கு மேல் போகப்போவதில்லை என்பதை நானே போய்ச் சொன்னேன். அது, "அந்த வழிகாட்டி கைய வுட மாட்டாருல்ல?" என்று மட்டும் கேட்டது. மாட்டார் என்றேன். என் கையோடு ஒப்பிட்டால் அந்தக் கை எவ்வளவோ மேல் என்றும் சொன்னேன்.

நாங்கள் போனோம். மேல் கேம்ப் வரை நான் நடந்தேன், தலைவலியோடு. உப்பு ஒன்றும் உதவவில்லை. பனியும் உப்பும் ஒன்றில்லை. பனியைப் பார்க்க நமக்கெதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று ஊரில் வீராப்புப் பேசிய நான், அங்கே கூடாரத்துக்குள்ளும் அதைக் கழற்றவில்லை.

விடிவதற்கு முன்பு அவனும் வழிகாட்டியும் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சமையல்காரரோடு உட்கார்ந்து நான் சூப்புக்குப் பூண்டு உரித்தேன். கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கவில்லை, வெளியே பள்ளம் இருந்தது. மத்தியானம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அவன் உச்சி வரைக்கும் போயிருந்தான்.

நான் போகவில்லை.